லாம்ப் ஸ்டேக்: சட்டியில் தண்ணி விடுது, கிண்ணம் மாதிரி வளையுது, எலும்போரம் வேகல. எங்கே தப்பு?

வெந்தயம்:
வார நாள் ராத்திரிச் சாப்பாட்டுக்கு லாம்ப் ஸ்டேக். செம்மறிக் குட்டியின் பின்னங்காலைக் குறுக்கே அறுத்த துண்டு, நடுவில் வட்டமாக எலும்பு. ஒவ்வொன்றும் சுமார் 230 கிராம், 2 செ.மீ. கனம். எலுமிச்சைச் சாறு, பூண்டு விழுது, மிளகாய்த்தூள், உப்பு எல்லாம் தடவி அரை மணி நேரம் ஊறல். ஒட்டாத சட்டி, இரண்டு துண்டும் ஒரே நேரத்தில்.

வருவது இதுதான்: முதல் நிமிஷத்திலேயே சட்டி நிறையத் தண்ணீர், கறி அவித்த மாதிரி சாம்பல் நிறம். ஓரம் தூக்கிக்கொண்டு கிண்ணமாக வளைகிறது. ஓரமெல்லாம் ரப்பர், எலும்பைச் சுற்றி மட்டும் பச்சை. மசாலா தனியாகக் கருகிச் சட்டியில் ஒட்டுகிறது. வேலை முடிந்து வந்து 40 நிமிஷத்துக்குள் தட்டுக்கு வரவேண்டும், ராத்திரி முழுக்க ஊறப்போடும் வழி வேண்டாம்.

உப்புக்கல்:
தண்ணீரை மட்டும் நான் எடுத்துக்கொள்கிறேன், வளைவதை வேறு யாராவது பார்க்கட்டும்.

உங்கள் ஊறலே தண்ணீருக்கு முதல் காரணம். உப்பு பட்டதும் கறியின் மேற்பரப்புக்கு நீர் வெளியே வரும். 10 நிமிஷத்திலிருந்து 30 நிமிஷம் வரை அது முத்து முத்தாக மேலேயே நிற்கும். 40 நிமிஷம் தாண்டினால் அந்த நீரே உப்பைக் கரைத்துக்கொண்டு திரும்ப உள்ளே போகும். நீங்கள் சரியாக அந்த மோசமான இடைவெளியில் கறியைச் சட்டியில் போடுகிறீர்கள். கூடவே எலுமிச்சை. புளிப்பு ஏறினால் தசை நீரைப் பிடித்துவைக்கும் திறன் குறையும், இன்னும் கசியும். விழுதிலும் தண்ணீர்தான்.

ஈரமான கறி ஏன் சிவக்காது? ஒரு கிராம் தண்ணீரை அறைச் சூட்டிலிருந்து கொதிக்கவைக்க ஆகும் சூட்டைப்போல ஏறக்குறைய 7 மடங்கு அதை ஆவியாக்க ஆகும். அது ஆவியாகி முடியும்வரை கறியின் மேல்பரப்பு 100 டிகிரியைத் தாண்டாது. பொன்னிறமும் முறுகலும் வர 140 டிகிரிக்கு மேல் வேண்டும். இதற்கிடையில் உள்ளே வெந்துகொண்டே போகும். சாம்பல் நிறமும் ரப்பரும் ஒன்றாக வருவது அதனால்தான்.

உப்புக்கு இரண்டே நேரம்தான். ஒன்று, காலையில் கிளம்பும்போது தடவி, ஒரு தட்டின் மேல் கம்பி வலை வைத்து, மூடாமல் ஃப்ரிட்ஜில். சாயங்காலம் மேல்தோல் தொட்டால் காகிதம் மாதிரி காய்ந்திருக்கும், துடைக்கக்கூடத் தேவையில்லை. இது ஊறப்போடுவது ஆகாது, இரண்டு நிமிஷ வேலை. காலையில் மறந்துவிட்டால், சட்டியில் போடுவதற்கு முந்தைய விநாடி உப்பு. நடுவில் வேண்டாம்.

அளவு: கறி எடையில் 1 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவு. 230 கிராம் துண்டுக்குச் சுமார் 2 கிராம், தூள் உப்பில் ஒரு டீஸ்பூனில் மூன்றில் ஒரு பங்கு. எலும்பும் எடையில் சேர்ந்திருப்பதால் இதற்கு மேல் போகாதீர்கள்.

எலும்புச்சூப்பு:
வளைவதற்குக் காரணம் கறி இல்லை, கறியைச் சுற்றியிருக்கும் சவ்வு. கால் ஸ்டேக் ஒரே தசை கிடையாது. நாலைந்து தசை சேர்ந்த குறுக்குவெட்டு. ஒவ்வொன்றுக்கும் இடையில் வெள்ளிச் சவ்வு, எல்லாவற்றையும் சுற்றி வெளியே இன்னொரு சவ்வும் கொழுப்பும். 60, 65 டிகிரியில் இந்தச் சவ்வு கறியைவிட வேகமாகச் சுருங்கும். சுருக்குப்பை வாயை இழுத்தது போல ஓரம் மேலே போகும், நடுப்பகுதி சட்டியை விட்டு எழும்பும்.

வெளி ஓரத்தைச் சுற்றி 2 செ.மீ.க்கு ஒரு வெட்டு. கொழுப்பையும் அதன் அடியிலுள்ள சவ்வையும் தாண்டவேண்டும், கறிக்குள் 2, 3 மி.மீ. போனால் போதும். கொழுப்பை மட்டும் கீறிவிட்டு நிறுத்தினால் ஒரு பயனும் இல்லை, வளைப்பது அடியில் இருக்கிறது. கத்தி முனை சவ்வைத் தாண்டும்போது சின்னதாக ஒரு 'நறுக்' கையில் தெரியும்.

எலும்பு விஷயம் கொஞ்சம் வேடிக்கை. கறி சூட்டில் சுருங்கும், எலும்பு சுருங்காது. ஒரு நிமிஷத்தில் எலும்பு வட்டம் கறியைவிட ஒரு நூலளவு வெளியே நீட்டிக்கொள்ளும். ஸ்டேக் அந்த எலும்பின் மேல் முக்காலி போட்ட மாதிரி உட்கார்ந்துவிடும். சுற்றியிருக்கும் ஒரு விரல் அகலக் கறி சட்டியைத் தொடாது. திருப்பிப் பார்த்தால் எலும்பைச் சுற்றி வெளிறிய வளையம் தெரியும், அதுதான் உங்கள் பச்சை. இரண்டு வழி இருக்கு. போட்டதும் முதல் 30 விநாடி எலும்பைச் சுற்றிக் கரண்டியால் அழுத்திப் பிடிக்கலாம். இல்லை, எண்ணெயை ஒரு டீஸ்பூன் கூட்டி, அந்த இடைவெளியை எண்ணெய் நிரப்ப விடலாம். இரண்டும் செய்தாலும் தப்பில்லை.

இன்னொன்று, யாரும் சொல்வதில்லை. இந்தத் துண்டுகள் வாள் இயந்திரத்தில் அறுபடுபவை. மேலே எலும்புத்தூள் மாவு மாதிரி அப்பியிருக்கும். கத்தியின் முதுகால் சுரண்டி, ஈர டிஷ்யூவால் துடைத்து, பிறகு காய்ந்த டிஷ்யூவால் ஒற்றுங்கள். விட்டால் பல்லில் மணல், சட்டியில் கரி.

தணல்:
சட்டி பத்தி யாரும் பேசலையே. ஒட்டாத சட்டியைத் தூக்கி வெச்சிருங்க. ஸ்டேக்குக்கு வேண்டிய சூடு 200லிருந்து 230 டிகிரி. கையில் ஒரு கண்ணாடி மூடி, இன்னொரு கையில் பிரட்டுற கரண்டின்னு கொஞ்சம் அசந்தா ஒட்டாத பூச்சு 260 தாண்டிச் சிதைய ஆரம்பிச்சிரும். வார்ப்பிரும்பு இல்லன்னா அடி கனமான எவர்சில்வர். நடுத்தரத்துக்குச் சற்றுக் கூட்டிய தீயில் 4, 5 நிமிஷம் வெறும் சட்டியா காயணும். எவர்சில்வர்ல ஒரு சொட்டுத் தண்ணி விட்டுப் பாருங்க. உஸ்ஸுன்னு ஆவியானா சூடு பத்தாது. உடையாம பாதரசம் மாதிரி உருண்டு ஓடினா தயார். இண்டக்‌ஷன்ல வார்ப்பிரும்பை எடுத்த எடுப்பிலேயே உச்சத்துல வைக்காதீங்க, நடு மட்டும் சூடாகி விரிசல் விடும்.

எண்ணெயைச் சட்டியில் ஊத்த வேண்டாம், கறியில் தடவுங்க, பக்கத்துக்கு அரை டீஸ்பூன். புகை பாதியா குறையும். கடலை எண்ணெய், சூரியகாந்தி, தவிட்டு எண்ணெய் எதுவானாலும் சரி. ரெண்டு துண்டு வேகணும்னா 30 செ.மீ. சட்டி வேணும், நடுவில் ரெண்டு விரல் இடம் இருக்கணும். 24 செ.மீ. சட்டின்னா ஒண்ணு ஒண்ணா போடுங்க.

அரைவேக்காடு:
தணல் அண்ணே, சட்டி சரி. ஆனா போட்டா போட்டதுதான், மூணு நிமிஷம் தொடவே கூடாது, ஒரே ஒரு தடவை திருப்பணும். தொட்டுக்கிட்டே இருந்தா முறுகல் எங்கேர்ந்து வரும்?

தணல்:
ஒரு தடவைதான் திருப்பணும்னு சட்டம் ஒண்ணும் இல்ல. முதல் ஒண்ணரை நிமிஷம் தொடாம விடுங்க, ஒட்டினது தானா விடும். அதுக்கப்புறம் 45 விநாடிக்கு ஒரு தடவை திருப்புங்க. மேல இருக்கிற பக்கம் கொஞ்சம் ஆறும், அதனால அடியில் சாம்பல் பட்டை தடிமனா ஏறாது. உள்ளே ஒரே சீரா வேகும், மொத்த நேரமும் கொஞ்சம் குறையும். வளையுற துண்டுக்கு இதுதான் நல்லது, ஒரே பக்கம் மூணு நிமிஷம் விட்டா அந்தப் பக்கச் சவ்வு மட்டும் இழுக்கும்.

ஒரு தடவை திருப்பினாலும் கெட்டுப்போகாது, அதையும் சொல்லிடறேன். அடிக்கடி திருப்ப முடியலன்னா அப்படிச் செய்யுங்க. ஆனா கோடு போட்ட கிரில் சட்டி வேண்டாம். கோடு மட்டும்தான் சிவக்கும், நடுவெல்லாம் அவியும்.

வெந்தயம்:
வெந்ததா என்று எப்படித் தெரிந்துகொள்வது? விரலால் அழுத்திப் பார்க்கும் முறை சரிவருமா? ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து அரை மணி வெளியே வைக்க வேண்டுமா?

உப்புக்கல்:
அரை மணி வெளியே வைப்பதால் உள் சூடு சில டிகிரிதான் ஏறும், அந்த நேரத்தில் மேலே ஈரம் கோக்கும். நேராக ஃப்ரிட்ஜிலிருந்து சட்டிக்கு.

விரல் முறையை விடுங்கள். ஒரே ஸ்டேக்கில் நாலு தசை, நாலும் நாலு விதமாக அமுங்கும். குச்சி தெர்மாமீட்டர் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். மேலிருந்து குத்தாதீர்கள், 2 செ.மீ. கனத்தில் முனை எங்கே நிற்கிறது என்று தெரியாது. இடுக்கியால் துண்டைத் தூக்கி, பக்கவாட்டிலிருந்து படுக்கையாக, மிகப் பெரிய தசையின் நடுவுக்கு. எலும்பில் பட்டால் எண் பொய் சொல்லும்.

உள்ளே இளஞ்சிவப்பாக, சாறோடு வேண்டும் என்றால் 54இல் எடுங்கள், ஓய்வில் 57க்கு வரும். லேசான ரோஜா நிறம் மட்டும் போதும் என்றால் 59, 60இல் எடுத்தால் 62, 63. கால் ஸ்டேக்குக்கு என் தேர்வு இரண்டாவது. முதுகுத் துண்டு மாதிரி மிருதுவான தசை இல்லை இது, 54இல் சவ்வு இழுபடும். 68 தாண்டினால் கொழுப்புக் குறைந்த பெரிய தசை மரத்தூள் மாதிரி ஆகிவிடும். அமெரிக்க வேளாண் துறையின் அளவு முழுத்துண்டுக் கறிக்கு 63 டிகிரி, அதன்பின் 3 நிமிஷம் ஓய்வு. கொத்துக்கறிக்கு 71. கர்ப்பிணிகள், சின்னப் பிள்ளைகள், உடம்பு முடியாதவர்கள் சாப்பிடுவதானால் இந்த அளவுகளுக்குக் கீழே போகாதீர்கள்.

நேரக் கணக்கு ஒரு தோராயம்தான்: 2 செ.மீ. கனம், நல்ல சூடு, அடிக்கடி திருப்பினால் 60 டிகிரிக்கு மொத்தம் 6லிருந்து 7 நிமிஷம். அஞ்சாவது நிமிஷத்திலேயே முதல் தடவை குத்திப் பாருங்கள். தட்டில் வடியும் சிவப்பு நீர் ரத்தம் இல்லை, தசையிலுள்ள மயோகுளோபின் என்ற சிவப்புப் புரதம் கலந்த நீர்.

கறிவேப்பிலை:
பூண்டும் எலுமிச்சையும் வேண்டாம் என்று எல்லோரும் ஒதுக்கிவிட்டால் ருசிக்கு என்ன செய்வார் பாவம்? அதை வேறு இடத்தில் வையுங்கள், அவ்வளவுதான்.

ஊறல் உள்ளே இறங்கும் என்பது பெரும்பாலும் நம்பிக்கைதான். உப்பு இறங்கும், மற்றதெல்லாம் மேலே சில மி.மீ.தான். அதனால் வெந்தபிறகு ஊறப்போடுங்கள். ஓய்வுத் தட்டில் ஆலிவ் எண்ணெய் 2 டேபிள்ஸ்பூன், எலுமிச்சைச் சாறு 1 டேபிள்ஸ்பூன், சீவிய பூண்டு ஒரு சின்னப் பல், பொடியாக நறுக்கிய புதினா ஒரு கைப்பிடி, கால் டீஸ்பூன் மிளகாய்த்தூள், ஒரு சிட்டிகை உப்பு. சட்டியிலிருந்து எடுத்த ஸ்டேக்கை 5 நிமிஷம் இதன்மேல் வையுங்கள், நடுவில் ஒருமுறை திருப்புங்கள். கறிச்சாறும் இதில் இறங்கிக் கலந்துகொள்ளும். பூண்டின் பச்சை வாடை அந்தச் சூட்டில் அடங்கும், மிளகாய் கருகாது.

சட்டியிலேயே பூண்டு மணம் வேண்டுமானால் கடைசி ஒரு நிமிஷம், தீயைக் குறைத்து, 20 கிராம் வெண்ணெய், தோலோடு நசுக்கிய 3 பல் பூண்டு. சட்டியைச் சாய்த்து, உருகின வெண்ணெயை மேலே மேலே அள்ளி ஊற்றுங்கள், குறிப்பாக எலும்போரம். முதலிலேயே வெண்ணெய் போட்டால் அதிலுள்ள பால் துகள் கருகிக் கசக்கும். மிளகும் அப்படித்தான், கடைசியில்.

வாடை பிடிக்காதவர்களுக்கு ஒரு வார்த்தை. அந்தத் தனி வாடை கொழுப்பில்தான் இருக்கிறது, 4-மெத்தில் ஆக்டனோயிக் அமிலம் போன்ற சில கொழுப்பு அமிலங்கள். வெளிக் கொழுப்பை 3, 4 மி.மீ. விட்டு மீதியைச் சீவினால் பெரும்பகுதி போய்விடும். சட்டியில் இறங்கிய கொழுப்பை வடித்துவிட்டு வெண்ணெய் போடுவதும் அதற்குத்தான். கறியைத் தண்ணீரில் கழுவிக் கழுவி வாடை போகாது, ஈரம்தான் சேரும்.

அரைவேக்காடு:
பப்பாளிக்காய் அரைச்சுத் தடவினா ஒரே மணி நேரத்துல பஞ்சு மாதிரி ஆகுமே, இவ்வளவு கணக்கு எதுக்கு?

எலும்புச்சூப்பு:
பஞ்சு மாதிரி ஆகும், ஆனால் மேலே மட்டும். பப்பாளியிலுள்ள பாப்பைன் என்ற நொதி மேல் அடுக்கைக் கூழாக்கிவிட்டு, நடுவைத் தொடாமல் விட்டுவிடும். கூழான மேற்பரப்பு முறுகாது, சட்டியில் பசையாக ஒட்டும். நீளமாகச் சின்னச் சின்னதாக அரிந்த கறிக்கு, அதுவும் அரை மணிக்குள் என்றால் சரி. முழு ஸ்டேக்குக்கு வேண்டாம்.

நாள்காட்டி:
கேள்வி ஒன்று. கிடைப்பது தோள்பட்டை ஸ்டேக்தான். தட்டையாக ஒரு எலும்பு, கறிக்குள் வரி வரியாகக் கொழுப்பு. இதே முறை செல்லுமா?

எலும்புச்சூப்பு:
கனம் 1.5 செ.மீ.க்குள் இருந்தால் செல்லும், ஆனால் 65 வரை விடுங்கள். உள் கொழுப்பு உருக வேண்டும். மென்று சாப்பிடுகிற கறியாகத்தான் இருக்கும், ருசி கால் துண்டைவிட ஒரு படி மேலே. அதற்கு மேல் கனம் என்றால் சட்டியில் வாட்டுவதை மறந்துவிடுங்கள். தோள்பட்டை நாள் முழுக்க உழைக்கிற தசை, சவ்வெல்லாம் கொலாஜன் என்ற நார்ப் புரதம். அது இளகிப் பசையாக மாற 80, 90 டிகிரியில் நேரம் வேண்டும். 75 டிகிரியில் நிறுத்தினால் இரண்டும் கெட்டான்: சாறு போயிருக்கும், சவ்வு இளகியிருக்காது.

பிரஷர் குக்கர்தான் வார நாளுக்கு வழி. பக்கத்துக்கு 2 நிமிஷம் நல்ல சூட்டில் சிவக்க விட்டு எடுங்கள். அதே கொழுப்பில் ஒரு வெங்காயம் வதக்கி, 200 மி.லி. தண்ணீர், அடியில் ஒட்டியதைச் சுரண்டி, கறியைத் திரும்ப வைத்து மூடுங்கள். பிரஷர் வந்ததும் சிம்மில் 25 நிமிஷம், தானாக அடங்க 10 நிமிஷம். கறியை எடுத்துவிட்டு மேலே மிதக்கும் கொழுப்பை வழித்து, சாற்றைப் பாதியாகச் சுண்ட விடுங்கள். மொத்தம் 50 நிமிஷம், அதில் 35 நிமிஷம் கை சும்மா இருக்கும். குக்கர் இல்லையென்றால் மூடிய பாத்திரத்தில் சிறு தீயில் ஒன்றேகால் மணிக்கு மேல்.

கடையில் 'ஆட்டுக்கறி ஸ்டேக்' என்று சொன்னால் செம்மறிக் குட்டியா வெள்ளாடா என்று கேட்டுக்கொள்ளுங்கள். வெள்ளாட்டில் கொழுப்பு குறைவு, முற்றிய ஆடானால் நாரும் தடிப்பு. இந்த இழையில் சொல்லும் சட்டி முறை ஒரு வயதுக்குள்ளான செம்மறிக் குட்டிக்கு. முற்றிய ஆட்டின் கால் துண்டும் குக்கருக்குத்தான் போக வேண்டும்.

வெந்தயம்:
வீட்டில் ஒருவருக்கு ரோஜா நிறம் துளிகூடத் தெரியக்கூடாது. இரண்டு விதத்தையும் ஒரே நேரத்தில் எப்படி முடிப்பது?

கறிவேப்பிலை:
முழுசா வேகிற துண்டு முதலில் சட்டிக்குள் போகணும், 4 நிமிஷம் முன்னாடி. இரண்டில் மெல்லியதாக இருப்பதை அதற்கு ஒதுக்குங்கள். இரண்டு பக்கமும் சிவந்ததும் தீயைச் சிம்முக்குக் கொண்டுவந்து, 2 டேபிள்ஸ்பூன் தண்ணீர் தெளித்து, மூடிபோட்டு 3 நிமிஷம். 71, 72இல் நிறுத்துங்கள், நிறம் முழுக்க மாறியிருக்கும். 80க்குப் போக விடாதீர்கள். காலையிலேயே உப்பு போட்ட துண்டு இந்தச் சூட்டிலும் கொஞ்சம் சாறு பிடித்து வைக்கும், அன்றைக்காவது மறக்காதீர்கள். ஒரே சட்டிதான் என்றால் அதை எடுத்து மூடி வைத்துவிட்டு, சட்டியைத் துடைத்து மறுபடி காயவைத்து அடுத்ததைப் போடுங்கள்.

பரிமாறும்போது அதை மெல்லிசாக அரிந்து சாஸில் புரட்டிக் கொடுங்கள். காலைக் குறுக்கே அறுத்த துண்டில் நார் ஏறக்குறைய மேலிருந்து கீழாக நிற்கும். கத்தியைச் சாய்த்து அரிந்தால் நார் குட்டையாகும், மெல்ல சுலபம்.

சாஸ் 3 நிமிஷ வேலை: கொழுப்பை வடித்து ஒரு டீஸ்பூன் மட்டும் விடுங்கள். பொடியாக நறுக்கிய சின்ன வெங்காயம் 3, ஒரு நிமிஷம். 120 மி.லி. தண்ணீரோ சூப்போ ஊற்றி, அடியில் ஒட்டிய பழுப்பை மரக்கரண்டியால் சுரண்டிப் பாதியாகச் சுண்ட விடுங்கள். ஓய்வுத் தட்டில் வடிந்த சாறும் இதற்குள். அடுப்பை அணைத்து, ஒரு டீஸ்பூன் வினிகர், 15 கிராம் குளிர்ந்த வெண்ணெய், சட்டியைச் சுழற்றுங்கள். தீயிலேயே வெண்ணெய் போட்டால் திரிந்து எண்ணெய் தனியாக நிற்கும். சட்டியில் கரி இருந்தால் சாஸே வேண்டாம், கசப்பைத்தான் சுரண்டி எடுப்பீர்கள்.

நாள்காட்டி:
ஃப்ரீசரில் இருந்து எடுப்பதானால்?

தணல்:
முந்தின ராத்திரி ஃப்ரிட்ஜுக்கு மாத்துங்க. மறந்துட்டா, காத்துப் புகாத பையில் போட்டு, குளிர்ந்த தண்ணியில் முக்கி வைங்க. 2 செ.மீ. துண்டு 30, 40 நிமிஷத்துல இளகிடும். வெந்நீர் வேண்டாம். இளகினதும் நிறையத் தண்ணி விடும், நல்லா ஒத்தி எடுக்கணும். ஃப்ரீசர்ல வைக்கும்போதே துண்டுகளுக்கு நடுவில் பட்டர் பேப்பர் போட்டுத் தட்டையா அடுக்கினா பாதி வேலை மிச்சம்.

வெந்தயம்:
காலையில் உப்பு, எவர்சில்வர் சட்டி, ஓரத்தில் வெட்டு, 60இல் எடுத்தது. சட்டியில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை, துண்டு தட்டையாகவே நின்றது, எலும்போரமும் சிவந்தது. அடுப்பு பற்றவைத்ததிலிருந்து 22 நிமிஷம். குறை ஒன்றுதான்: கொழுப்பு ஓரம் மட்டும் வெள்ளையாக, மெழுகு மாதிரி. சாப்பிட்டு முடிப்பதற்குள் தட்டில் உறைந்தும் போகிறது.

தணல்:
முதல்ல கொழுப்பைத்தான் சட்டிக்குக் காட்டணும். ரெண்டு துண்டையும் சேர்த்து இடுக்கியில் பிடிச்சு, கொழுப்பு ஓரம் கீழ படுற மாதிரி நிமிர்த்தி நிறுத்துங்க. ஒண்ணரையிலிருந்து ரெண்டு நிமிஷம், நடுத்தரத் தீ. நீங்க போட்ட வெட்டு வழியா கொழுப்பு உருகி இறங்கும், ஓரம் பொன்னிறமாகும். அப்புறம் தீயைக் கூட்டிப் படுக்க வைங்க, அந்தக் கொழுப்பே எண்ணெய். ஆட்டுக் கொழுப்பு சீக்கிரம் உறையும், அதுக்குத் தட்டை வெந்நீர்ல முக்கித் துடைச்சு வைங்க.